பன்னிரண்டில் ஒன்றா, அண்ணா?

என் அண்ணா, தலைச்சோலையிலேயே பெரிய பிடிவாதக்காரா, என் முருகேசண்ணா,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் வண்டியை வாங்க ஆள் வந்திருக்கிறார். முழு வண்டியாக எடுத்துப்போய்க் காப்பாற்றுவாரா, என்ஜினை மட்டும் கழற்றிக்கொண்டு மிச்சத்தை அப்படியே போட்டுவிட்டுப் போவாரா என்பது ஒரே ஒரு கேள்வியில் நிற்கிறது. அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நீ. போன மார்கழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

வண்டி உன்னிடம் வந்த கதையை உனக்கே சொல்வது அசட்டுத்தனம்தான். ஆனால் இதைப் பழைய வண்டிப் பிரியர்கள் சிலரும் படிப்பார்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள். எஸ்டேட்டின் பழைய முதலாளி இளவயதில் அமெரிக்காவில் படித்தவர். திரும்பும்போது கப்பலில் இந்த வண்டியையும் ஏற்றிக்கொண்டு வந்தார். இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், இடது பக்கம் ஸ்டீயரிங். எதிரே ஒரு ஸ்கூட்டர் வந்தால் இரண்டில் ஒன்று பின்வாங்கியே ஆக வேண்டும், அவ்வளவு அகலம். வயதான பிறகு அதைக் காப்பி குடோனுக்குப் பக்கத்து ஷெட்டில் சாக்குப் போட்டு மூடிவிட்டார். எஸ்டேட் ஜீப்பையும் டிராக்டரையும் பார்த்துக்கொண்டிருந்த நீ, வேலை முடிந்ததும் போய் நின்றது அந்தச் சாக்குக்குப் பக்கத்தில்தான்.

அவருடைய பிள்ளைகளில் யாருக்கும் அது வேண்டாம். ஒருநாள் உன்னைக் கூப்பிட்டு, "நீயே வெச்சுக்கோ முருகேசு, எனக்கப்புறம் அதுல கோழிதான் குடியிருக்கும்" என்று உன் பேருக்கே மாற்றிக் கொடுத்தார். கொடுத்தபோது ஒரு வார்த்தையையும் சேர்த்துக் கொடுத்தார். இந்த என்ஜினும் இந்த கியர்பாக்ஸும் சேர்ந்து உலகத்திலேயே பன்னிரண்டு வண்டிதான் செய்தார்கள், அதில் இது ஒன்று என்று.

அந்தப் பன்னிரண்டுதான் இப்போது என் உயிரை வாங்குகிறது.

நீ அதை ஏற்காடு மலை முழுக்கச் சொல்லி வைத்தாய். ஒண்டிக்கடையில் டீ குடிக்கிறவனிடம் சொன்னாய், செம்மநத்தம் பஸ் டிரைவரிடம் சொன்னாய், படம் எடுக்க வந்த டூரிஸ்ட் பிள்ளைகளிடம் சொன்னாய். ஊரில் உனக்குப் பேரே 'பன்னெண்டு' என்று ஆனது. டீக்கடைக்காரர் உன்னைப் பார்த்ததும், "ஏனுங்க பன்னெண்டு, இந்த வருசமும் பன்னெண்டுதானுங்களா, இல்ல குட்டி கிட்டி போட்டிருக்குதுங்களா?" என்பார். நீயும் சிரிக்காமல், "கெடாவா இருந்தா எப்படீங்க குட்டி போடும்?" என்று கேட்டுவிட்டு பன் எடுப்பாய்.

எனக்கு அப்போதே எரிச்சல். ஓசூர் பைக் ஆலையில் நான் பார்ப்பது தரச் சோதனை வேலை. எங்கள் ஆலையில் ஒரு போல்ட்டுக்குக்கூடப் பிறந்த தேதி உண்டு. ஆதாரம் எங்கே என்று உன்னைக் கேட்டேன். "உனக்கு எதுக்கெடுத்தாலும் ஆதாரமா கண்ணு? என்ஜின்மேல நம்பர் இருக்குது, போய்ப் பாரு" என்றாய். நான் போய்ப் பார்க்கவில்லை. அந்தச் சனிக்கிழமை எனக்கு பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

இப்போது செய்திக்கு வருகிறேன். முதலாளியும் போய்ச் சேர்ந்துவிட்டார், எஸ்டேட் கைமாறிவிட்டது. வாங்கியவர்கள் ஷெட் இருக்கும் இடத்தில் தங்கும் அறைகள் கட்டப்போகிறார்கள். காப்பிப் பழம் பறிப்பு தொடங்குவதற்குள் வண்டியை எடுத்துவிடச் சொல்லிவிட்டார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், ஆனாலும் சொன்னது சொன்னதுதான். அண்ணி இருக்கும் எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் ஒரு மொபெட் நிறுத்தவே இடமில்லை. எனக்கோ ஓசூரில் மாடி அறை. விற்றுவிடலாம் என்று அண்ணிதான் முதலில் சொன்னார். அதைத் தினமும் தாண்டிப் போக முடியவில்லை என்றார்.

வாங்க வந்தவர் கோயம்புத்தூர்க்காரர். பழைய வண்டிகளுக்கென்றே ஒரு பெரிய கூடம் கட்டி வைத்திருக்கிறார். பேச்சில் ஒளிவு மறைவு இல்லாத மனிதர், அது எனக்குப் பிடித்தது. அபூர்வ ரகம் என்று உறுதியானால் ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் வைப்பாராம். இல்லையென்றால் அவரிடம் என்ஜின் இல்லாமல் நிற்கும் இன்னொரு வண்டிக்கு இந்த என்ஜின் போகுமாம். உடம்பை நாங்களே வைத்துக்கொள்ளலாமாம். வைத்துக்கொண்டு என்ன செய்ய? மழைத்தண்ணீர் பிடிக்கவா?

உறுதிப்படுத்துவது என்றால் எப்படி என்று நான் தேட ஆரம்பித்தேன். அங்கேதான் எனக்குத் தூக்கம் கெட்டது. அமெரிக்காவில் இந்த வண்டிக்கென்றே சங்கம் இருக்கிறது, புத்தகங்கள் இருக்கின்றன, வாழ்நாள் முழுவதும் இதையே எண்ணிக்கொண்டிருக்கும் கிழவர்கள் இருக்கிறார்கள். ஒரு புத்தகம் பன்னிரண்டு என்கிறது. இன்னொன்று இருபதுக்குக் குறையாது என்கிறது. பன்னிரண்டு என்பது ஒரே ஓர் ஆலையிலிருந்து போனது மட்டும், மற்ற ஆலையை யாரும் எண்ணவில்லை என்கிறார் ஒருவர். இல்லை, ஆர்டர் வாங்கியதுதான் பன்னிரண்டு, செய்தது அதைவிடக் குறைவு என்று அவரிடம் சண்டைக்குப் போகிறார் வேறொருவர். வெளிநாட்டுக்குக் கப்பலேறியவை கணக்கில் உண்டா இல்லையா என்று கேட்டால் அத்தனை பேரும் பேச்சை மாற்றுகிறார்கள்.

செய்தவனுக்கே தெரியாதா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. பிறகு எங்கள் ஆலையை நினைத்துப் பார்த்தேன். எத்தனை வண்டி போனது என்றால் உடனே சொல்வார்கள். எத்தனை என்ஜின் என்றாலும் சொல்வார்கள். சிவப்பு நிறம், நீள சீட், டிஸ்க் பிரேக் மூன்றும் சேர்ந்த வண்டி எத்தனை என்று கேட்டால் இரண்டு டிபார்ட்மென்ட் இரண்டு பதில் சொல்லும். அன்றைக்கு அவர்களும் வண்டி விற்பதற்காகத்தான் செய்தார்கள். ஐம்பது வருடம் கழித்து ஏற்காட்டில் ஒருவன் கேட்பான் என்று எவன் எண்ணி வைப்பான்?

ஆக, மொத்தம் எத்தனை என்பது கடைசிவரை தெரியப்போவதில்லை. ஆனால் உன் வண்டி அந்த ரகமா இல்லையா என்பது தெரியலாம். டாஷ்போர்டில் இருக்கும் தகட்டில் எட்டு சிலிண்டர் என்பது வரைதான் இருக்கும். எந்த எட்டு சிலிண்டர், எந்த கியர்பாக்ஸோடு சேர்ந்தது என்பது என்ஜினின் முன்பக்கம், உள்ளங்கை அகலத்துக்குச் சமமாகச் சீவிய ஓர் இடத்தில் அடித்திருக்கும் எழுத்துகளில்தான் இருக்கிறது. அதிலும் கடைசி எழுத்தில். நீ போய்ப் பார் என்று சொன்னாயே, அந்த நம்பரில்.

கோயம்புத்தூர்க்காரர் அனுப்பிய ஆள் சென்னையிலிருந்து வந்தார். பழைய வண்டிகளைச் சோதிப்பதே அவருக்குத் தொழில். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தார். தடவிப் பார்த்தார். கைக்கண்ணாடியை வைத்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "இங்க என்னங்க, கண்ணாடி மாதிரி இருக்கு?" என்றார்.

ஆமாம் அண்ணா. கண்ணாடி மாதிரிதான் இருந்தது. எழுத்து ஒன்றுகூட இல்லை.

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. அண்ணிதான் சொன்னார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நீ முதலில் தேய்த்தது அந்த இடத்தைத்தானாம். மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்து, உப்புத்தாள் போட்டு, பளபளவென்று வரும்வரை தேய்ப்பாயாம். சாமி முகம் அழுக்காக இருக்கலாமா என்பாயாம். அப்புறம்தான் சந்தனம், குங்குமம். எல்லாரும் ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் பொட்டு வைத்தால், நீ நம்பருக்கு வைத்தாய்.

இங்கே மூடுபனி உட்காராத மாதம் எது? பெயின்ட் இல்லாத வார்ப்பிரும்பு, தேய்த்த மறுவாரமே துருப்பிடிக்கும். அடுத்த வருடம் அந்தத் துருவை எடுக்க இன்னும் அழுத்தித் தேய்த்திருப்பாய். எதைக் கும்பிட்டாயோ அதை நீயே தேய்த்துத் தேய்த்து எடுத்துவிட்டாய். ஒரு சொட்டு ஆயில் தடவி விட்டிருந்தால் போதும். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே. ஏன் கேட்கவில்லை?

வந்தவர் என்னைத் தனியாக அழைத்துப்போய் இன்னொன்றும் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. சில பேர் வேணும்னே தேச்சிருவாங்க. சாதாரண நம்பரா இருந்தா, இல்லாம போறதே மேல் பாருங்க."

அவரை நான் திட்டவில்லை. திட்டியிருக்க வேண்டும். ஆனால் அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நீ என்றைக்கோ அந்த எழுத்தைச் சரிபார்த்து, பன்னிரண்டில் ஒன்று இல்லை என்று தெரிந்துகொண்டிருந்தால்? ஊர் முழுக்கச் சொல்லிவிட்ட பிறகு அதைத் திரும்ப வாங்க முடியாமல், பூஜை என்ற பேரில் கொஞ்சம் கொஞ்சமாக அழித்திருந்தால்? உன்னைப் பற்றி நினைக்கக் கூடாத நினைப்புதான். ஆனாலும் நினைத்தேன்.

பொறுக்க முடியாமல் அண்ணியிடமே கேட்டுவிட்டேன். நீங்கள்தானே வருடாவருடம் பக்கத்தில் நின்றீர்கள், எழுத்து என்னவென்று பார்த்தீர்களா என்று. அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நான் பொட்டு வெச்சனுங்க தம்பி, படிச்சனா?"

அப்படியே விட்டிருக்கலாம். நான் விடவில்லை. அண்ணன் ஒருவேளை சும்மா சொல்லியிருப்பாரோ என்றேன். அண்ணி முறத்தைக் கீழே வைத்தார்.

"அவுருக்குப் பொய் சொல்லணும்னு இருந்தா ஒண்ணே ஒண்ணுன்னு சொல்லீருப்பாருங்க. பன்னெண்டுன்னு எதுக்குங்க சொல்லணும்? மீதிப் பதினொண்ண யாருக்கு வெச்சாரு?"

எங்கள் ஆலையில் எந்த ஆடிட்டரும் இப்படி என் வாயை அடைத்ததில்லை. ஆனாலும் இது நீ பொய் சொல்லவில்லை என்பதற்குத்தான் ஆதாரம், வண்டி அந்த ரகம் என்பதற்கு இல்லை. முதலாளி தவறாகச் சொல்லியிருக்கலாம். அவருக்கு விற்றவன் அளந்து விட்டிருக்கலாம்.

ஒரு வழி மிச்சம் இருந்தது. இரும்பில் அச்சு அடிக்கும்போது மேலே தெரியும் பள்ளம் மட்டும் உண்டாவதில்லை, அடியில் இருக்கும் உலோகமும் நசுங்கும். மேலே தேய்ந்துபோனாலும் அந்த நசுங்கல் கொஞ்ச ஆழம் வரை நிற்கும். ஸ்பிரிட்டில் அமிலம் கலந்து தடவினால், நசுங்கிய இடம் வேறு நிறமாகச் சற்று நேரம் தெரியலாம். திருட்டு வண்டிகளைக் கண்டுபிடிக்கச் செய்வது. அமிலத்தை வைத்துக்கொண்டு ஓசூரிலிருந்து பஸ் ஏறினேன்.

மத்தியானம் செய்தோம், நானும் அண்ணியும். அண்ணி டார்ச் பிடித்தார். நான் பஞ்சில் தொட்டுத் தடவினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, மூச்சு விட்டால் கலைந்துவிடும் போல, சாம்பல் நிறத்தில் எழுந்து வந்தது. ஆலையின் எழுத்து வந்தது. செய்த மாதமும் நாளும் வந்தன. கடைசிக்கு முந்தைய எழுத்தும் வந்தது.

கடைசி எழுத்தில் ஒரு வளைவு வந்தது. பாதி வளைவு. அதோடு நின்றது. அந்த வளைவு சுற்றி வந்து மூடினால் அது அபூர்வ ரகம். மூடாமல் நின்றால் ஆயிரக்கணக்கில் செய்த சாதாரண ரகம். மறுபடி தடவினேன். இருந்ததும் மங்கியது. உப்புத்தாள் அந்தப் பக்கம்தான் ஆழமாக இறங்கியிருக்கிறது.

எனக்கு மூடியிருப்பது போலத்தான் தெரிந்தது. நான் அதைத் தேடினேன், அதனால் தெரிந்தது. அண்ணியைப் பார்க்கச் சொன்னேன். "எனக்கு ரெண்டு மாதிரியும் தெரியுதுங்க" என்றார். எடுத்த படத்தை அமெரிக்கச் சங்கத்துக்கு அனுப்பினேன். அங்கே பாதிப் பேர் ஆம், பாதிப் பேர் இல்லை. ஏற்கெனவே சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நான் ஒரு புதுக் காரணம் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்து நான் செய்யப் போனதையும் சொல்கிறேன். ஓசூரில் டூல் ரூம் வைத்திருக்கும் நண்பனிடம் சொல்லி, அந்தக் காலத்து எழுத்து வடிவத்தில் அச்சுகள் செய்து வாங்கினேன். இருக்கும் நிழலின் மேலேயே அடித்து, பழையபடி தேய்த்துவிட்டால், அந்தச் சென்னை ஆள் அமிலம் தடவிப் பார்க்கும்போது முழு எழுத்தும் எழுந்து வரும், யாரும் கண்டுபிடிக்க முடியாது. எவ்வளவு பலத்தில் அடித்தால் ஓரம் எப்படிப் பிதுங்கும், எப்படிப் பழசாக்குவது, எல்லாம் எனக்குத் தெரியும். நான் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, தேய்ந்ததைத் திரும்ப வைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வளைவைத்தானே மூடுகிறேன் என்றேன். வண்டி முழுசாக இருக்கும். உன் பன்னிரண்டும் நிற்கும்.

பானெட்டைத் திறந்து, அச்சை வைத்து, சுத்தியலை எடுத்தபோது அண்ணி டீ கொண்டுவந்தார். அது என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"அப்போ அது அந்த வண்டிதானுங்களா? தெரிஞ்சுபோச்சுங்களா?"

"தெரியல அண்ணி."

"தெரியாமயே அடிக்கறீங்களா?"

அடிக்காவிட்டால் என்ஜினைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அண்ணி டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அந்த வழவழப்பான இடத்தில் விரலை வைத்தார்.

"இது அவுரு கை பட்டுத் தேஞ்சதுங்க தம்பி. நொம்ப வருசமாத் தேஞ்சுது. இதுமேல இன்னொருத்தர் கை வேண்டாமுங்க."

நான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன். அச்சுகளைப் பையில் போட்டுக்கொண்டு டீயைக் குடித்தேன்.

மறுநாள் கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் செய்து, படிக்க முடியவில்லை, எந்த ரகம் என்று எனக்குத் தெரியாது என்றேன். இந்த வாக்கியத்தை நான் வேலையில் எழுதினால் என் மேனேஜர் ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்புவார். கோயம்புத்தூர்க்காரர் நிதானமாக, அப்படியானால் என்ஜினை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், எப்போது ஆள் அனுப்பட்டும் என்றார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அண்ணி குனிந்து போனிடமே சொன்னார். "வேண்டாமுங்க. கழட்டிக் குடுக்கறதா இல்லீங்க." அவர் சரிங்கம்மா என்றார். அவ்வளவு சுலபமாக முடிந்தது.

இடம்? அண்ணியின் அப்பாவுக்கு வெள்ளக்கடையில் மிளகு காயவைக்கும் கொட்டகை ஒன்று இருக்கிறது. அண்ணி அங்கே போய்ப் பேசியிருக்கிறார். பெரியவர், "மாப்பிள்ளைய ஊட்டுக்குள்ள உட்டேன், வண்டிய உடமாட்டனா" என்றாராம். ஒரு பக்கச் சுவரை இடித்தால்தான் உள்ளே போகும். நேற்று அளந்து பார்த்தேன். இடித்தாலும் இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கைதான் மிச்சம். பார்க்கலாம்.

அமெரிக்கச் சங்கத்தில் இந்த ரக வண்டிகளின் பட்டியல் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் எழுதிக் கேட்டார். உங்கள் வண்டியைச் சேர்க்கவா, வேண்டாமா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று. என்னைப் போன்ற ஆள். தெரியவில்லை, சேர்ப்பதானால் கேள்விக்குறி போட்டுச் சேருங்கள் என்று எழுதினேன். தன் பட்டியலில் பாதிக்குக் கேள்விக்குறிதான், உங்களுடையதும் அவற்றோடு சேரட்டும் என்று பதில் வந்தது. அதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் பொய். எரிச்சலாகத்தான் இருந்தது. இன்னும் இருக்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்தால் அந்தப் பாதி வளைவு கண்ணுக்குள் வருகிறது. மூடுகிறது, திறக்கிறது. நீ ஒரு முறையாவது நின்று பார்த்தாயா? உன் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்தது?

வரும் ஞாயிற்றுக்கிழமை வெள்ளக்கடைக்கு ஓட்டிக்கொண்டு போகிறேன். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். வழியில் ஒண்டிக்கடையில் நிறுத்தச் சொல்வார்கள், நிறுத்துவேன். டீக்கடைக்காரர் கேட்காமல் விடமாட்டார். பன்னிரண்டுதானா தம்பி, கடைசியில் என்ன தெரிந்தது என்பார்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஆமாம் என்று சொல்லி உன்னைக் காப்பாற்ற மாட்டேன். இல்லை என்று சொல்லி உன்னைக் காட்டிக்கொடுக்கவும் மாட்டேன். தெரியாது என்பேன். யார் கேட்டாலும், எத்தனை வருடம் கேட்டாலும், பானெட்டைத் திறந்து அந்த இடத்தைக் காட்டி, தெரியாது என்றுதான் சொல்வேன். சொல்ல எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் சொல்வேன்.

உன்னோடு போட வேண்டிய சண்டை இன்னும் மிச்சம் வைத்திருக்கும்
உன் தம்பி
கதிரேசன்